இரு தட்டும் ஓர் இலயமும்: இசையிணைப்பு மென்பொருள்கள் பற்றிய ஆராய்ச்சி

இசையை இயற்றுவோரும் பாடுவோரும் வாசிப்போரும் எக்காலத்தும் உளர். பிறர் பாடிப் பதிவு செய்து முடித்த இசையையே கருவியாகக் கொண்டு, அதனை அவையோர் முன்னிலையில் ஒன்றோடொன்று தொடுத்து, இடையறாத ஓர் ஒழுக்காக்கிக் காட்டுவோர் தோன்றியதோ சென்ற நூற்றாண்டின் பிற்பாதியிலேயாம். 'டிஸ்க் ஜொக்கி' என்னும் பெயர் 1940களில் அமெரிக்க வானொலியாரிடையே வழங்கத் தொடங்கியது. தட்டை மாற்றி மாற்றி வைத்து இடையிடையே பேசுபவர் என்பதே அன்று அதன் பொருள். அப்பெயர் ஆடலரங்கினுள் நுழைந்தபோது பேச்சுப் பின்னிற்க, இணைப்பு முன்வந்தது. இன்று 'டி.ஜே.' எனச் சுருங்கி எம்மவரின் திருமண மண்டபங்களிலும் கேட்கப்படும் அச்சொல்லுக்கு ஈடாக இக்கட்டுரையில் 'இசைத்தட்டாளர்' என்பதை ஆளுவாம். தட்டுப் பெரும்பாலும் மறைந்துவிட்டதே, பெயர் பொருந்துமோ எனின், எள்ளின் நெய்க்கே உரிய எண்ணெய் என்னும் சொல் தேங்காய்க்கும் வேம்புக்கும் சென்றதை நினைவுகூர்க.

இன்று இசைத்தட்டாளருட் பெரும்பாலோர் முன்னிலையில் இருப்பன ஒரு கணினியும், அதனுள் இயங்கும் ஒரு மென்பொருளும், கைக்கு இசைவாகச் சில சில்லுகளும் பிடிகளும் பொருத்திய ஒரு பலகையுமே. செராட்டோ, டிராக்டர், ரெக்கோர்ட்பொக்ஸ், வேர்ச்சுவல் டி.ஜே., மிக்ஸ் எனப் பல மென்பொருள்கள் வழக்கிலுள. இவற்றைப் பற்றி எழுதுவோர் விலையையும் பொத்தான்களையும் எண்ணிக் காட்டுவதோடு அமைந்துவிடுகின்றனர். பொத்தானை அழுத்தியபின் உள்ளே நிகழ்வது யாது, அந்நிகழ்ச்சி எதனை மெய்யெனக் கொண்டு தொடங்குகின்றது என்பன கூறப்படுவதில்லை. அவற்றைக் கூறுதலே ஈண்டு எமது நோக்கம். ஏனெனின், மென்பொருள் செய்யும் ஒவ்வொரு கணக்கின் அடியிலும் இசையைப் பற்றிய ஓர் ஊகம் கிடக்கின்றது. அவ்வூகம் பொருந்தும் இசையில் அது வியத்தகு வேலை செய்கின்றது. பொருந்தா இசையில் அதே துணிவோடு பிழை செய்கின்றது.

முதற்கண் இணைப்பின் இயல்பை நோக்குவாம். நிமிடத்திற்கு 120 அடி செல்லும் பாடல் ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கின்றது. அதனோடு 124 அடி செல்லும் மற்றொன்றைச் சேர்க்க வேண்டும் எனக் கொள்க. முதலாவதின் அடிகளுக்கு இடையேயுள்ள காலம் சரியாக அரைச் செக்கன். மற்றையதின் இடைவெளி 0.484 செக்கன் வரையில். இரண்டையும் ஒரே கணத்தில் தொடங்கினால் முதல் அடி ஒன்றுபடும். இரண்டாவது அடியிலேயே ஒன்று மற்றொன்றை முந்தும். ஏழரைச் செக்கன் கழிந்தபோது ஒன்றின் அடி மற்றொன்றின் இரு அடிகளுக்குச் சரிநடுவே விழும். பதினைந்தாவது செக்கனில், ஒன்று 30 அடியும் மற்றையது 31 அடியும் சென்று, மீண்டும் ஒரு கணம் சந்திக்கும். இடைப்பட்ட நேரமெல்லாம் குதிரைக் குளம்பொலி போன்ற இரட்டையோசையே கேட்கும். ஆதலின் இணைப்பிற்கு இரண்டு பொருத்தங்கள் வேண்டும். ஒன்று வேகப் பொருத்தம். இரண்டாவது பாடலை 3.2 சதவீதம் தாழ்த்தினால் அது கிடைக்கும். மற்றொன்று இடப் பொருத்தம். வேகம் ஒன்றாயினும் அடியின்மேல் அடி விழ வேண்டும். எம் தாளமுறையில் வைத்துக் கூறுவதாயின், காலப்பிரமாணம் ஒத்தால் மட்டும் போதாது, சமமும் ஒக்க வேண்டும்.

இப்பொருத்தம் எவ்வளவு நுண்ணிதாக இருத்தல் வேண்டும்? 120 அடி வேகத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழைத்தால், ஒரு நிமிடத்தில் விலகல் 0.12 அடி, அதாவது 60 மில்லிசெக்கன் ஆகும். செவி அதனை இரட்டையோசையாகவே உணரும். எனவே இரு பாடல்களையும் இரண்டு மூன்று நிமிடம் ஒருங்கே ஓட்ட விரும்புபவர் ஒருமுறை அளவைச் சரிசெய்து கைகட்டி நிற்றல் இயலாது. இடைவிடாது கேட்டு, விரல் நுனியால் தட்டின் விளிம்பைத் தொட்டு, முந்துவதைத் தடுத்தும் பிந்துவதை உந்தியும் நடத்த வேண்டும். அதுவே கையால் இணைக்கும் வித்தை. ஒரு காதில் ஹெட்போன் வழியாக வரப்போகும் பாட்டு, மறு காதில் மண்டபத்தில் ஒலிக்கும் பாட்டு என இரண்டையும் பிரித்தறியும் செவிப்பயிற்சி இதற்கு அடிப்படையாகும்.

இவ்வித்தையை ஆடலரங்கில் நிலைநாட்டியவருள் முதன்மையானவராகக் கூறப்படுபவர் பிரான்சிஸ் கிராசோ என்பவர். 1960களின் இறுதியில் நியூயோர்க் நகரில், முன்னர் தேவாலயமாக இருந்த ஒரு கட்டடத்தில் நடந்த 'சாங்க்சுவரி' என்னும் ஆடலரங்கில் அவர் இரண்டு பாடல்களின் அடிகளை ஒத்து ஓடச்செய்து நெடுநேரம் இணைத்தார். தட்டின் கீழே வழுக்கும் விரிப்பொன்றை இட்டு, பொறி சுழலத் தட்டை மட்டும் கையாற் பிடித்து நிறுத்தி, வேண்டிய கணத்தில் விடுதலும் அவர் கையாண்ட முறையே.

அவ்வித்தைக்கு உற்ற கருவி யப்பானிலிருந்து வந்தது. ஒஸாக்காவைச் சார்ந்த மற்சுஷிற்றா நிறுவனத்தார் 'ரெக்னிக்ஸ்' என்ற பெயரில் 1972இல் எஸ்.எல். 1200 என்னும் இசைத்தட்டுப் பொறியை வெளியிட்டனர். அதற்கு முந்திய பொறிகள் பலவற்றில் இயந்திரத்தின் சுழற்சி ஒரு வார் வழியாகத் தட்டுக்குச் சென்றது. வார் நீளும், நழுவும். கையாற் பிடித்து விட்டால் பழைய வேகத்தை எய்தத் தாமதிக்கும். புதிய பொறியில் இயந்திரத்தின் அச்சே தட்டைச் சுழற்றியது. வீட்டில் அமைதியாக இருந்து இசை கேட்போர்க்கென ஆக்கப்பட்ட அதனை இசைத்தட்டாளர் தமதாக்கிக்கொண்டனர். 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் வேகத்தைப் படிக அதிர்வால் நிலைநிறுத்தும் முறையும், மேலுங்கீழும் நகர்த்தி எட்டுச் சதவீதம் வரை வேகத்தைக் கூட்டவுங் குறைக்கவும் வல்ல நீண்ட பிடியும் அமைந்தன. 2010இல் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது அதற்காக வருந்தியோர் பலர். 2016இல் அது மீண்டும் சந்தைக்கு வந்தது.

அக்காலத்திலேயே நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் வேறொரு வழியும் தோன்றிற்று. யமேக்காவில் பிறந்து அங்கு குடியேறிய கூல் ஹேர்க் என்பவர் 1973 ஓகஸ்ற் 11ஆம் நாள் நடந்த விருந்தொன்றின் பின் புகழெய்தினார். பாட்டின் நடுவே குரலும் பிற வாத்தியமும் ஒழிந்து தாளம் மட்டும் நிற்கும் சில செக்கன்களே ஆடுவோரை மிகவும் ஈர்ப்பதைக் கண்ட அவர், ஒரே பாட்டின் இரு தட்டுகளை இரு பொறிகளில் இட்டு, ஒன்றில் அப்பகுதி முடியும்போது மற்றதில் அதனைத் தொடங்கி நீட்டினார். கிராண்ட்மாஸ்ரர் பிளாஷ் என்பவர் அதனை மேலும் நுணுக்கமாக்கினார். தட்டின்மேல் வண்ணக் கோலாற் குறியிட்டு, கடிகார முள்ளைப் போல அக்குறி எத்தனை முறை சுற்றி வந்தது எனக் கண்ணால் எண்ணித் துல்லியமாகத் திரும்பினார். இக்குறியை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் அது வேறு வடிவில் மீண்டும் வரும்.

தட்டுப் பொறிக்கு இயல்பாகவே உள்ள ஒரு குறை, மென்பொருளின் முதற் பெரும் வெற்றிக்குக் காரணமாயிற்று. தட்டை விரைவாகச் சுழற்றினால் வேகம் மட்டுமன்றிச் சுருதியும் உயரும். ஆறு சதவீதம் விரைந்தால் ஏறத்தாழ ஒரு அரைச்சுரம் ஏறிவிடும். எட்டுச் சதவீதத்தில் பாடகியின் குரல் வேறொருத்தியின் குரலாகவே மாறும். சுருளில் வரைந்த அலைகளை ஊசி விரைந்து கடப்பதால் அதிர்வும் விரைகின்றது; இதனைப் பொறியினால் தடுத்தல் இயலாது. வேகத்தையும் சுருதியையும் வெவ்வேறாகப் பிரிக்க வேண்டுமாயின் ஒலியை எண்களாக மாற்றுதலே ஏற்ற வழியாம்.

1982இல் வெளிவந்த குறுந்தட்டில் ஒலியலையின் உயரம் செக்கனுக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதிவு பெறுகின்றது. மனிதச் செவி செக்கனுக்கு 20,000 அதிர்வு வரையே உணருமாதலின், அதன் இருமடங்குக்கு மேல் அளந்தால் கேட்கத்தக்கதெதுவும் இழக்கப்படாது என்பது கொள்கை. எண்களாகிய பின் அவற்றைப் பல சிறு துண்டுகளாக வெட்டலாம். ஒவ்வொரு துண்டினுள்ளும் எந்தெந்த மீடிறன்கள் எவ்வளவு வலுவோடு உள்ளன எனக் கணித்து, துண்டுகளுக்கிடையேயான தூரத்தை மட்டும் நெருக்கியோ அகற்றியோ வைத்து, அலைகள் ஒன்றோடொன்று முரணாது தொடரும்படி திருத்தி மீளவும் ஒலியாக்கலாம். இவ்வாறு செய்தால் அதிர்வெண் மாறாமற் காலம் மட்டும் குறுகும் அல்லது நீளும். இக்கணிதத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளானகன், கோல்டன் என்னும் இருவர் 1966இல் வெளியிட்டனர். தொலைபேசிப் பேச்சைச் சுருக்கி அனுப்புதலே அவர்தம் கருத்து. ஆடலரங்கு அவர்தம் கனவிலும் இருந்திராது.

இக்கணிதத்திற்கும் ஊகம் உண்டு. ஒரு துண்டின் கால அளவுக்குள் ஒலி பெரிதும் மாறாது என அது கொள்கின்றது. வீணையின் நீண்ட நாதத்திற்கும் மனிதக் குரலின் கார்வைக்கும் இது பொருந்தும். மேளத்தின் முதல் அறைக்குப் பொருந்தாது. ஒரு கணத்தில் வெடித்து அடங்கும் அவ்வொலி துண்டு முழுவதிலும் பரந்து மழுங்கிவிடும். மறுதலையாக, அலையைக் கணியாது துண்டுகளை நேரே ஒன்றன்மேலொன்று பொருத்தும் முறையொன்றுண்டு. அதில் மேளம் கூர்மையாக நிற்கும். நீண்ட சுரங்களில் ஒரு நடுக்கம் தோன்றும். ஆகவே நல்ல மென்பொருள்களில் இரு முறைகளையும் கலந்து ஆள்வர். நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் தோன்றிய செராட்டோ நிறுவனத்தின் முதற் பொருளே இத்தகைய காலநீட்டி மென்பொருளாகும். பாஸ் கித்தார் பயின்ற ஓர் இளைஞர், பாட்டை மெதுவாக ஓட்டிக் கேட்டுக் கற்க விரும்பியதிலிருந்து அது பிறந்தது என்பர். மிக்ஸ் முதலிய மென்பொருள்களில் 'சுருதிப் பூட்டு' என வரும் பொத்தான் இவ்வேலையையே செய்கின்றது. இரண்டு மூன்று சதவீத மாற்றத்துக்குள் இதன் குறை செவிக்குப் புலனாதல் அரிது. பத்தைக் கடந்தால் உற்றுக் கேட்போர் அறிவர்.

எண்களாகிய இசையைத் தட்டின்மேல் கைவைத்து நடத்திப் பழகிய கலைஞரிடம் கொண்டு சேர்ப்பது அடுத்த சிக்கலாயிற்று. விசைப்பலகையும் சுட்டியும் அவர்க்குப் போதா. இதற்கு ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்டர்டாமைச் சேர்ந்தோர் கண்ட தீர்வு, எமது மதிப்பில், இத்துறையின் மிக அழகிய புனைவாகும். 'பைனல் ஸ்கிராச்' என்ற பெயரில் 1990களின் இறுதியில் காட்டப்பட்டு அடுத்த சில ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த அவ்வமைப்பில் இசைத்தட்டு உண்டு. ஆனால் அதில் இசை இல்லை. அதன் சுருளில் பதிந்திருப்பது ஒரு குறியொலி மட்டுமே. 2004இல் செராட்டோவும் அமெரிக்க ரேன் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவாம்.

அத்தட்டு நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும்போது, செக்கனுக்கு 1,000 அதிர்வுடைய ஓர் ஒலி எழும். கணினி அதனைக் கேட்கின்றது. ஒலி 1,030 அதிர்வாக உயர்ந்தால் தட்டு மூன்று சதவீதம் விரைகின்றதென அறிந்து, தன்னுள் இருக்கும் பாட்டையும் அவ்வளவே விரைவாக்கும். தட்டைப் பின்னோக்கிச் சுழற்றினால்? இடது வலது என்னும் இரு தடங்களிலும் ஒரே ஒலி பதிந்திருப்பினும், ஒன்று மற்றொன்றுக்குக் கால் அலை பிந்தியிருக்கும்படி வைத்துள்ளனர். இடது முந்தினால் ஒரு திசை, வலது முந்தினால் மறுதிசை. ஊசியைத் தூக்கிச் சுருளின் நடுவே வைத்தால் பாட்டும் அவ்விடத்துக்குப் பாய வேண்டுமே? அதற்காக அலைகள் சில சற்று உயர்ந்தும் சில சற்றுத் தாழ்ந்தும் வரையப்பட்டுள்ளன. உயர்வும் தாழ்வும் ஒன்று, சுழியம் என்னும் எண்களாகும். அடுத்தடுத்த இருபது அலைகளை வாசித்தால் அவ்வரிசை தட்டில் வேறெங்கும் வாரா ஒன்றாகையால், ஊசி நிற்கும் இடம் தெளிவாகும். வேகம், திசை, இடம் மூன்றையும் ஓர் எளிய கீச்சொலி சொல்லிவிடுகின்றது. இருபது ஆண்டுப் பழக்கமுள்ள கை தன் பழக்கத்தை விடாமலே, ஆயிரம் தட்டுகளைச் சுமக்கும் தொல்லையிலிருந்து விடுபட்டது.

இங்கே நேரத்தின் நுண்மை பற்றி ஒரு சொல். கணினி ஒலியைத் தொகுதி தொகுதியாக வாங்கிக் கணித்து வெளியிடுகின்றது. ஒரு தொகுதி 256 அளவுகளாயின் தாமதம் ஏறத்தாழ 6 மில்லிசெக்கன். 1,024 ஆயின் 23. தட்டைக் கீறி ஓசையெழுப்புவோர் பின்னதைப் பொறார். தொகுதியை மிகச் சிறிதாக்கினாலோ, பழைய கணினி கணக்கை முடிக்குமுன் அடுத்த தொகுதி வந்து, ஒலி வெட்டுப்படும். தம் கணினியின் ஆற்றலுக்கேற்ப இதனை ஒவ்வொருவரும் சோதித்தே கொள்ளல் வேண்டும்.

இனி, பெருவிவாதத்துக்குரிய பகுதிக்கு வருவாம். பாட்டை மென்பொருளிற் சேர்த்தவுடன் அது முழுவதையும் ஆராய்ந்து, நிமிடத்திற்கு இத்தனை அடி என எழுதி, அலைவரைபின்மேல் சம இடைவெளியில் கோடுகளையும் இட்டுவிடுகின்றது. இரு பாடல்களின் கோடுகளையும் ஒத்துவைப்பது 'சிங்க்' எனப்படும் ஒரே பொத்தானின் வேலை. பல மாதம் முயன்று கற்ற வித்தை ஒரு விரற்றட்டில் அடங்கிவிட்டதே எனப் பழையோர் கடிந்தனர். இக்கடிதலில் பாதியே நியாயமானது. அடிகளை ஒத்து வைத்தல் என்றும் கலையின் உள்ளீடாக இருந்ததில்லை. எப்பாட்டின் பின் எப்பாட்டு, எக்கணத்தில், எவ்வளவு நேரம் என்னும் தெரிவே கலை. மற்றப் பாதி வேறு. அடி ஒத்து வைக்கப் பயின்ற காலத்தில் உடன்பயிர்ந்த செவி, பொத்தானால் வளராது. அச்செவி எப்போது வேண்டப்படும் என்பதை அறிய, கோடுகள் எவ்வாறு இடப்படுகின்றன என நோக்க வேண்டும்.

மென்பொருள் ஒலியின் வலு திடீரென உயரும் கணங்களை முதலிற் குறித்துக்கொள்கின்றது. பின், அக்குறிகளின் வரிசையை அதே வரிசைமேல் சிறிது சிறிதாகத் தள்ளி வைத்து, எவ்விடைவெளியில் அவை தம்மோடு தாம் மிகவும் ஒத்துப்போகின்றன எனத் தேடுகின்றது. கிடைத்த இடைவெளியே அடி. இம்முறையில் 70 அடிப் பாட்டை 140 எனவும், 140ஐ 70 எனவும் கொள்ளுதல் அடிக்கடி நிகழும் பிழை. இரு மடங்கு வேகத்திலும் குறிகள் ஒத்துப்போகுமன்றோ. இது திருத்துவதற்கு எளிது. பெரும்பிழை வேறு. அடி முதலிலிருந்து இறுதிவரை மாறாது என்றும், நான்கு நான்காகவே அடிகள் தொகும் என்றும் பெரும்பாலான மென்பொருள்கள் தொடக்கத்திலேயே கொண்டுவிடுகின்றன.

மேனாட்டு ஆடலிசைக்கு இவ்வூகம் அச்சுப்போலப் பொருந்துகின்றது. காரணம் கணினியின் நுண்ணறிவன்று. 1980இல் வந்த ரோலண்ட் 808, 1983இல் வந்த 909 முதலிய தாளப் பொறிகளைக் கொண்டு சிக்காகோவிலும் டிற்றொயிட்டிலும் ஆக்கப்பட்ட இசை, பிறக்கும்போதே கடிகாரத்துக்கு அடங்கிப் பிறந்தது. பொறி வாசித்ததைப் பொறி எண்ணுதல் அரிதன்று. 1970களில் மனிதர் மேளம் வாசித்துப் பதிந்த டிஸ்கோப் பாடல்களிலேயே கோடுகள் வழுவத் தொடங்கும். வாத்தியக் குழுவினர் அனைவரும் ஒருங்கே இருந்து வாசித்துப் பதிவான 1960களின் தமிழ்த் திரைப்பாடல்களைச் சேர்த்துப் பார்ப்பவர் இதனை நன்கு அறிவர். பல்லவியில் ஒத்த கோடு சரணத்தில் அடியை விட்டு விலகும். இடையிசையில் குழு சற்றே விரைய, முடிவில் கோடும் அடியும் தொடர்பற்று நிற்கும். மிச்ர சாப்பில் அமைந்த பாட்டாயின் ஏழைத் நான்காகக் கூறிட்டு, ஒவ்வோர் ஆவர்த்தனத்துக்கும் எடுப்பை வேறோரிடத்திற் காட்டும். இவ்விடத்தில் 'சிங்க்' பொத்தானை அழுத்தினால் இரு பாடல்களும் மிகத் துல்லியமாகத் தவறான இடத்திற் பொருந்தும். கோடுகளைக் கையால் நகர்த்தித் திருத்த எல்லா மென்பொருள்களும் இடமளிக்கின்றன. ஆயின் திருத்தவேண்டும் என்று சொல்வது செவியே. ஆதலின் கற்க விரும்பும் மாணவர் முதல் ஆறு மாதம் அலைவரைபை மறைத்து, எண்ணையும் பாராது, காதால் மட்டும் இணைத்துப் பழகுதல் நன்று என்பது எம் கருத்து.

சுருதி பற்றியும் இதுபோன்றதே. இரு பாடல்கள் ஒருங்கே ஒலிக்கும்போது அவற்றின் சுரங்கள் முரணாதிருக்க, மென்பொருள் ஒவ்வொரு பாட்டின் சுருதிநிலையையும் கணித்து ஓர் எண்ணும் எழுத்துமாகக் காட்டும். 'கமலொட்' வட்டம் எனப்படும் இம்முறையில், கடிகார முகப்பைப் போல 1 முதல் 12 வரை எண்கள் உள; மேனாட்டு மைனர் நிலைகளுக்கு 'ஏ', மேஜர் நிலைகளுக்கு 'பி'. 8ஏ என்பதன்பின் 7ஏ, 9ஏ, 8பி என்பன இணங்கும். மேனாட்டிசையின் இருபத்துநான்கு நிலைகளுக்கும் இது மிக எளிய துணை. எம் இராகங்கள் அவ்விருபத்துநான்கினுள் அடங்குவன அல்ல. தோடியையோ மாயாமாளவகௌளையையோ கொடுத்தாலும் மென்பொருள் தயங்காது அருகிலுள்ள ஏதோ ஒரு பெட்டிக்குள் இட்டு எண்ணொன்றைத் தரும். ஆதாரசட்ஜம் யாது என்பதை அறிந்துகொள்ளவே சிலபோது உதவலாம். அதற்கு மேல் நம்பற்க.

ஒலிக்கலவைக் கருவியின் வேலையைச் சுருங்கக் கூறி அமைவாம். தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த மீடிறன்களுக்கெனத் தனித்தனிக் குமிழ்கள் உள. இரு பாடல்களின் தாழ்வொலிகளும் ஒருங்கே எழுந்தால் மண்டபம் அதிர்ந்து தெளிவு கெடும். எனவே வரும் பாட்டின் தாழ்வொலியை அடைத்து வைத்து, உரிய அடியில் ஒன்றை மூடி மற்றொன்றைத் திறப்பர். இது அன்றும் இன்றும் ஒன்றே.

அண்மையில் சேர்ந்த ஆற்றல், கலந்து பதிந்த பாட்டைக் குரல், மேளம், பாஸ், ஏனையவை எனப் பிரித்தெடுத்தலாம். பாரிஸ் நகரத்து டீசர் நிறுவனத்தார் 2019இல் இதற்கான மென்பொருளொன்றை யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர். அடுத்த சில ஆண்டுகளில் வேர்ச்சுவல் டி.ஜே., செராட்டோ முதலியவற்றில் இத்தகைய பிரிப்பு மேடையிலேயே செய்யத்தக்கதாயிற்று. தனித்தனியே பதிந்த பகுதிகள் கைவசமுள்ள பல பாடல்களைக் காட்டிப் பயிற்றப்பட்ட கணிப்பு வலை இதனைச் செய்கின்றது. நாதசுரத்திற்கு அந்நான்கில் தனியிடம் இல்லை. தவில் மேளப் பகுதியில் முழுதாக அடங்குமா, சிதறுமா என்பதை அவ்வலை கற்ற பாடல்களே தீர்மானிக்கும்.

எஞ்சி நிற்பது இசைச் செல்வம் எங்கே இருக்கின்றது என்னும் வினா. தட்டுக் காலத்தில் அது வீட்டு அலுமாரியில் இருந்தது. கோப்புகளின் காலத்தில், 2004இல் கொலராடோவின் டென்வர் நகரில் தொடங்கிய பீற்போட் போன்ற இணையக் கடைகளில் வாங்கி வன்தட்டிற் சேமித்தனர். நான்கு நிமிடப் பாட்டொன்று குறுந்தட்டுத் தரத்தில் 42 மெகாபைற்; எம்.பி. 3 என்னும் சுருக்கிய வடிவில், உயர்தரமாயினும், 10 மெகாபைற்றுக்குள் அடங்கும். செவி எளிதிற் பிரித்தறியாதென மதிக்கப்படும் பகுதிகள் நீக்கப்படுவதே சுருக்கம். ஒருமுறை நீக்கியது மீளாது. இப்போது மாதக் கட்டணஞ் செலுத்தி இணைய ஓடையிலிருந்து நேரே இணைக்கும் முறை பரவியுள்ளது. இதில் வசதி பெரிது, பிடி சிறிது. ஸ்பொட்டிபை நிறுவனம் 2020 யூலை 1ஆம் நாளோடு தன் பாடல்களை இசையிணைப்பு மென்பொருள்களுக்கு அளிப்பதை நிறுத்திக்கொண்டது. அதனை நம்பித் தொகுத்தோரின் வரிசைகள் மென்பொருளினுள் ஒரே நாளில் ஊமையாயின. 2025இல் அந்நிறுவனம் ரெக்கோர்ட்பொக்ஸ், செராட்டோ முதலியவற்றுக்கு மீண்டும் இடமளித்தது. நிறுத்தியதும் அளித்ததும் இசைத்தட்டாளரைக் கேட்டு நடந்தவை அல்ல.

மென்பொருளே இலவசமாகக் கிடைப்பதும் உண்டு. கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஒருவருடைய கலாநிதிப் பட்ட ஆய்வுக்காக 2001இல் தொடங்கப்பெற்ற மிக்ஸ், இன்று பல நாட்டுத் தன்னார்வலரால் வளர்க்கப்படுகின்றது. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ளது. லினக்ஸ், வின்டோஸ், மக் மூன்றிலும் ஓடும். குறியொலித் தட்டையும் அது வாசிக்கும். சந்தையிலுள்ள பலகைகள் பலவற்றோடும் இயையும். விலைகொடுத்து வாங்கும் மென்பொருள்களில் உள்ள சில அலங்காரங்கள் இதில் இல்லாதிருக்கலாம். கற்பார்க்கு இதிற் குறையொன்றுமில்லை. வேகத்தையும் அடியையும் கணிக்க இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தார் ஆக்கிய நிரலை இது பயன்படுத்துகின்றது. கணித மாணவர் அந்நிரலைத் திறந்து வாசித்தால், மேலே நாம் சொல்லிய ஊகங்களைக் கண்ணாரக் காணலாம்.

வண்ணக் கோலால் தட்டில் இட்ட குறியை நினைவிற் கொள்ளுமாறு கூறினோம். இன்றும் இசைத்தட்டாளர் ஒவ்வொரு பாட்டிலும் குரல் புகும் இடம், தாளம் தனித்து நிற்கும் இடம், விட்டு நீங்கத் தகும் இடம் எனக் குறிகள் இடுகின்றனர். பல்லாயிரம் பாட்டுக்கு இக்குறிகளை இடுதல் பல ஆண்டு உழைப்பு. அன்றைய குறி தட்டோடு ஒட்டியிருந்தது. தட்டை எங்குக் கொண்டு சென்றாலும் உடன்சென்றது. இன்றைய குறியைச் செராட்டோ பாட்டுக் கோப்பினுள்ளேயே தனக்குரிய வடிவில் எழுதி வைக்கின்றது. ரெக்கோர்ட்பொக்ஸ் தன் தரவுத்தளத்தில் வைத்து, வேண்டுவோர்க்குப் பட்டியற் கோப்பாக ஏற்றுமதி செய்ய விடுகின்றது. மிக்ஸ், யாவரும் திறந்து வாசிக்கத்தக்க ஒரு பொதுத் தரவுத்தளக் கோப்பில் இடுகின்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர் இக்குறிகளைக் கொண்டுசெல்ல வேறு மாற்றிகளைத் தேட வேண்டியிருக்கின்றது. மாற்றும்போது சில மில்லிசெக்கன் பிசகுவதும் உண்டு. மென்பொருளைத் தேர்பவர் முதலிற் கேட்க வேண்டிய வினா பொத்தான் எத்தனை என்பதன்று. தாம் இடும் குறிகள் எவ்விடத்தில், எவ்வடிவில் எழுதப்படுகின்றன என்பதே.